நான்காம் பாடம்

பொன்முடித் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து கல்ஃபுக்குப் போன எங்கள் தலைமுறையில் யாரும் அரபு படித்துவிட்டு விமானம் ஏறவில்லை. அங்கே போய், காதில் விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டோம். டிரைவரோ மேசனோ நர்ஸோ, எல்லாருக்கும் இதே கதைதான். நான் நர்ஸ். சவூதியில் வேலை பார்த்து முடித்து ஊர் திரும்பி, மலையடிவாரத்து விதுராவில் வீடு கட்டிக் குடியேறிவிட்டேன். இப்போது ஐம்பதைத் தாண்டிய வயதில் கேரளப் பல்கலைக்கழக அரபுத் துறையின் சான்றிதழ் வகுப்பில் மாணவி. புத்தகம், அட்டவணை, வீட்டுப்பாடம், பரீட்சை எல்லாம் உண்டு. வார்டில் நின்ற காலத்தில் இதில் கால்வாசி கிடைத்திருந்தால் எத்தனை பேர் சொன்னது எனக்குப் புரிந்திருக்கும் என்ற எண்ணம் வகுப்பு தோறும் வருகிறது. அதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அரபு சின்ன வயதில் எனக்கு ஒரு சுவர் தள்ளித்தான் இருந்தது. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் அரபு ஒரு பாடம். விதுராவில் மொழிப் பீரியட் மணி அடித்ததும் அரபு எடுத்த பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவார்கள். நாங்கள் மலையாளத்துக்கு உட்கார்ந்திருப்போம். அந்தப் பக்கம் முன்ஷி சொல்லச் சொல்ல அவர்கள் கூட்டமாகத் திருப்பிச் சொல்வது கேட்கும். அலிஃப், பா, தா என்று அந்த வரிசை எனக்கு அப்படியே மனப்பாடம். நானும் அங்கே போய் உட்காரலாமா என்று வீட்டில் கேட்டேன்.

"ஏட்டி, அது பாய்மாரு வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள படிப்பு. நீ மலையாளத்தை ஒழுங்காப் படி, அது போதும்" என்றாள் அம்மா. தென்காசிப் பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள வந்த குடும்பம் எங்களுடையது. லயத்தில் தமிழ், பள்ளியில் மலையாளம், தோட்டத்து ஆபீசில் இங்கிலீஷ். அதற்கு மேலே இன்னொன்றை என் தலையில் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த அறையை எங்கள் நாட்டுப் பள்ளிகளில் திறந்துவைத்தவர் யார் என்று ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பொன்முடிக்குக் கீழே பாறைகளுக்கிடையில் ஓடும் கல்லாற்றுத் தண்ணீர், வாமனபுரம் ஆறாகப் போய் அஞ்சுதெங்குக் காயலில் சேர்கிறது. அந்தக் காயலோரத்து வக்கத்தில் 1873-இல் பிறந்தவர் அப்துல் காதர் மௌலவி. 1905-இல் 'சுதேசாபிமானி' பத்திரிகையைத் தொடங்கியவர். 1910-இல் திருவிதாங்கூர் அரசாங்கம் அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தி, மௌலவியின் அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. இந்த வரலாறு கேரளத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலையைப் பேசுகிறவர்கள் குறைவு. முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் அரபு கற்பிக்க வேண்டும் என்று அதே அரசாங்கத்தை விடாமல் வற்புறுத்தி அதைச் சாதித்தார். பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதினார், வாத்தியார்களுக்குப் பயிற்சிக் கையேடு எழுதினார், வாத்தியார்களுக்கென்று தகுதித் தேர்வு ஏற்படச் செய்து அதற்குத் தலைமைத் தேர்வாளராகவும் இருந்தார். 'அரபு வேண்டும்' என்று கோஷம் போட்டதோடு நிற்காமல் நூல், ஆசிரியர், தேர்வு மூன்றையும் தானே முன்னின்று உண்டாக்கியது எனக்குப் பத்திரிகை நடத்தியதைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது.

அந்தப் பாடத்துக்காக உயிரும் போயிருக்கிறது. நான் பள்ளிச் சிறுமியாக இருந்த 1980-இல், அரபு கற்பிப்பதற்குப் புதிய நிபந்தனைகள் விதித்து அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. ஜூலை 30-ஆம் தேதி மலப்புரத்தில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். பிறகு உத்தரவு கைவிடப்பட்டது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நினைவில் வைத்திருக்கிற தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏழு வருஷம் கழித்து அதே மாவட்டத்தில், அரபு படித்துத் தேறிய கோபாலிகா அந்தர்ஜனம் என்ற நம்பூதிரிப் பெண் ஒரு பள்ளியில் அரபு ஆசிரியையாகச் சேர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பி, அந்த வேலை அவருக்கு நிலைக்கவில்லை. பின்னர் அரசுத் தேர்வாணையம் வழியாகவே வேலைக்கு வந்து, 2016-இல் ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு அரபு சொல்லிக்கொடுத்தார். யாருடைய படிப்பு இது என்று எங்கள் அம்மா போட்ட கோடு, லயத்துக்கு வெளியேயும் அத்தனை அழுத்தமாக இருந்த காலம் அது.

வளைகுடாப் போர் முடிந்த பிறகு நான் சவூதி போனேன். இன்டர்வியூவில் இங்கிலீஷ் பேசச் சொன்னார்கள். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு டிரிப் ஏற்றுவது எப்படி, ஈ.சி.ஜி. எடுக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். நோயாளியின் மொழி தெரியுமா என்ற கேள்வி எந்த இடத்திலும் வரவில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கென்று கேரளத்தில் நோர்க்கா துறை வந்ததே 1996-இல்தான். புறப்படுமுன் ஒரு வகுப்பு என்ற பேச்சை அந்த நாளில் நான் கேட்டதில்லை. இறங்கிய வாரமே டியூட்டி. சின்ன ஊர் ஆஸ்பத்திரி. நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் சுற்றுப்பட்டுப் பாலைவனத்துக் கிராமங்களிலிருந்து வருகிற வயதானவர்கள்.

எங்கள் சகனில், அதாவது நர்ஸ்கள் தங்கும் விடுதியில், சீனியர் சேச்சி ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்குக் கொடுத்ததாம். மலையாள எழுத்தில் ஒரு பக்கம் அரபு, எதிர்ப்பக்கம் மலையாளம். எங்கே வலி, வாயைத் திற, மூச்சை இழு, சாப்பிட்டாயா, தண்ணீர் குடிக்காதே, காலையில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு வேண்டியதெல்லாம் கேள்வியாகவும் கட்டளையாகவும் வரிசையாக இருந்தது. ராத்திரியில் உட்கார்ந்து அதை நான் தமிழ் எழுத்தில் எடுத்து எழுதினேன். அரபில் 'ஹ'வுக்குப் பக்கத்தில் மூன்று ஒலிகள் இருக்கின்றன. ஒன்று வெறும் மூச்சு, ஒன்று தொண்டையை இறுக்கி வருவது, இன்னொன்று உள்நாக்கருகே கரகரத்து வருவது. என் நோட்டில் மூன்றும் ஒரே எழுத்தாகிவிட்டன. 'ஐன்' என்ற ஒலியை எழுத மலையாளத்திலும் வழியில்லை, தமிழிலும் வழியில்லை.

இதே சிக்கலை எதிர்த்திசையிலிருந்து தீர்த்த தமிழர்கள் உண்டு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகள் உண்டாக்கினார்கள். அர்வி என்று அதற்குப் பெயர். கீழக்கரையில் இருந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அர்வியில் எழுதியவர்களில் மிகப் பெரிய பெயர். இரண்டு மொழிகளின் ஒலிகளையும் எழுத்து எழுத்தாக எடைபோட்டுப் பார்த்த அறிவு நம் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. அந்த அறிவு எங்கள் சகன் வரைக்கும் வந்து சேரவே இல்லை.

நாங்கள் வார்டில் பேசிய அரபைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொல்லத்துக்காரியும் மணிலாக்காரியும் டாக்காவிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளியும் அதில்தான் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டோம். சவூதிக்காரர்களும் எங்களிடம் பேசும்போது தங்கள் பேச்சை உடைத்து அந்த அரபில்தான் பேசினார்கள். மொழியியல்காரர்கள் இதை வளைகுடாப் பிட்ஜின் என்று தனி வகையாக ஆராய்ந்திருக்கிறார்கள். 'ஃபீ' என்றால் உண்டு, 'மாஃபி' என்றால் இல்லை. வினைச்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வடிவம்; நான், நீ, அவள் எல்லாருக்கும் அதுவே. சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஊசி மருந்துக்கும் அது போதுமாக இருந்தது. ஆனால் அதில் நேற்று என்பதும் நாளை என்பதும் வினையில் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அது சின்னக் குறை இல்லை. நோயாளி சொல்கிற கதை முழுக்க நேற்றைப் பற்றியதுதான். எப்போது ஆரம்பித்தது, முதலில் வலியா வாந்தியா, மாத்திரை போட்ட பிறகு குறைந்ததா கூடியதா, முன்னால் இப்படி வந்திருக்கிறதா. பாதி நோயை இந்த வரிசையிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று நர்சிங் முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பாட்டியம்மா நினைவுக்கு வருகிறார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வந்தார். "மாமா, வேன் அலம்?" என்று கேட்டேன், வயதான பெண்களை அங்கே நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு பேச ஆரம்பித்தார். நிறுத்தி, கையை விரித்து, யாரோ வந்ததையும் போனதையும் சொல்லி, நடுவில் அழுது, நீளமாகப் பேசினார். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் பேசினார். எங்கே என்பது எனக்குத் தெரிந்தது. எப்போது, எதற்குப் பிறகு, எத்தனை நாளாக என்பது எதுவும் தெரியவில்லை. சூடான் நாட்டு டாக்டர் வந்து அதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து கேட்டார். அந்த அம்மாவின் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எங்கள் கையில் இருந்த மொழியில் கேள்வி கேட்க மட்டும்தான் இடம் இருந்தது, பதிலைக் கேட்டுக்கொள்ள இடம் இல்லை என்பதை அன்றைக்கு நன்றாக உணர்ந்தேன். படுக்கையில் கிடக்கிறவருக்கு மருந்துக்கு அடுத்தபடி வேண்டியது, தான் சொல்வதை ஒருவர் கேட்டுக்கொள்வதுதானே.

இதை நினைக்கும்போதெல்லாம் மதீனா என் மனதில் வந்து நிற்கிறது. எங்களுக்கு எட்டாத அந்தப் பாடம், நாங்கள் வேலை பார்த்த அதே நாட்டில், ஒரு தமிழ்நாட்டுக்காரர் கையால் அப்போதே எழுதப்பட்டிருந்தது. வாணியம்பாடியில் 1933-இல் பிறந்தவர் அப்துர் ரஹீம். சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்து, கெய்ரோவின் அல்அஸ்ஹரில் மேற்படிப்பு படித்து, 1969-இல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வருகிற, ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத, வளர்ந்த மாணவர்களுக்கு அரபு கற்பிக்க வேண்டும். அதற்காக அவர் அமைத்ததுதான், அரபு பேசாதவர்களுக்கான மூன்று பாகப் பாடநூல். மதீனா புத்தகம் என்று உலகமெங்கும் பெயர். இன்றைக்கும் பெரியவர்கள் பலர் அரபு தொடங்குவது இந்தப் புத்தகத்தில்தான். 2023 அக்டோபரில் அவர் காலமான செய்தியைப் படித்துத்தான் எனக்கே அவர் வாணியம்பாடிக்காரர் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். முதல் பாகத்தின் முதல் பாடம் ஒரு படம், ஒரு வாக்கியம்: இது வீடு. அடுத்த படம், இது பள்ளிவாசல். பிறகு கதவு, புத்தகம், பேனா, சாவி. மொழிபெயர்ப்பு ஒரு வரி கிடையாது. இலக்கணப் பெயர் சொல்லிப் பயமுறுத்துவது கிடையாது. படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை வைத்தே புதிதாக ஒரே ஒரு விஷயத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருகிறார். இரண்டாம் பாடத்தில் 'அது'. மூன்றாவதில் சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிற 'அல்'. இருபத்தெட்டு எழுத்துகளில் பாதியின் முன்னால் அந்த 'ல்' ஒலிக்கும், மீதிப் பாதியின் முன்னால் அடுத்த எழுத்தோடு கரைந்துவிடும். நான்காம் பாடத்தில் 'போனான்', 'வெளியே போனான்' இரண்டும் வந்துவிடுகின்றன. அப்பாஸ் எங்கே, வெளியே போனான், எங்கே போனான் என்று கேள்வியும் பதிலுமாக இறந்தகாலம் தொடங்கிவிடுகிறது.

நான்காம் பாடம்! தினம் ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் மாதம் ஒன்று ஆவதற்குள் எட்டிவிடக்கூடிய இடம். இத்தனை வருஷ வார்டு அரபு எங்களில் யாரையும் அங்கே கொண்டுபோய் விடவில்லை. காதால் கேட்டுக் கேட்டே மொழி வந்துவிடும், படிப்பு வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் காட்டுகிறேன். குழந்தைக்கு வரும்; அதைச் சுற்றி நாள் முழுக்க ஆட்கள் முழு வாக்கியத்தில் பேசுகிறார்கள். வேலைக்குப் போன பெரியவர்களிடம் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. அவர்களுக்கு வரிசைப்படுத்திய பாடம்தான் முழு மொழியைத் தர முடியும். அமெரிக்க வெளியுறவுத் துறை, அரபு நாடுகளுக்கு அனுப்புகிற தன் அதிகாரிகளுக்கு 88 வாரம், ஏறக்குறைய 2200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. எங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

இப்போது என் வகுப்பு சாயங்காலம், இணையம் வழியாக. கல்லாற்றைத் தாண்டி இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவு ஏறி, மலைமேல் லயத்திலேயே இருக்கிற அண்ணன் வீட்டில் இருந்தால் மூடுபனியில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் வகுப்பு நாட்களில் விதுராவிலேயே இருந்துவிடுவேன். கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் விசாவுக்குக் காத்திருக்கிற இளைஞர்கள். பேங்கில் ரிட்டையர் ஆன ஒருவர் இருக்கிறார். தலையில் தட்டம் போட்ட பெண்ணும் சந்தனக் குறி வைத்த பையனும் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் தெரிவார்கள். பிள்ளைப் பருவத்தில் நான் போக முடியாத அந்த அறை இப்படி மாறியிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல அவள் இல்லை.

வகுப்பில் எனக்குத் தமிழ் கைகொடுப்பது நான் எதிர்பாராதது. 'இது வீடு' என்று அரபில் சொல்ல நடுவில் வினைச்சொல் தேவையில்லை, தமிழிலும் தேவையில்லை. இங்கிலீஷ் வழியாக அரபு படிக்கிறவர்கள் அந்த இடத்தில் எதையோ தேடித் தடுமாறுவார்கள். அதைவிடப் பெரிய உதவி இறந்தகாலத்தில் வந்தது. மலையாளத்தில் நான், நீ, அவள், அவர்கள் எல்லாருக்கும் ஒரே 'போயி'தான். தமிழில் போனேன், போனாய், போனாள் என்று வினையின் வாலிலேயே ஆள் தெரியும். அரபிலும் அப்படியே: தஹப்து போனேன், தஹப்த போனாய், தஹபத் போனாள். மலையாளப் பிள்ளைகள் வாலை மறந்து மறந்து திணறும்போது, லயத்தில் பேசிய தமிழ் என்னை அதில் தாங்கியது. "சேச்சிக்கு இது எப்படி இவ்வளவு சீக்கிரம் வருகிறது?" என்று ஆசிரியர் கேட்டார். எங்கள் வீட்டுப் பாஷையில் இது உண்டு என்றேன். பிறகு கரும்பலகைச் சதுரத்தில் என்னையே தமிழ் வடிவங்களை எழுதவைத்து, அதற்கு நேராக அரபை எழுதி எல்லாருக்கும் விளக்கினார். இருமை எண்ணும், உள்ளே உருமாறுகிற பன்மைகளும் எனக்கும் மற்றவர்களைப் போலவே கஷ்டம்தான். அதற்கெல்லாம் மனப்பாடத்தைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வகுப்புகளும் மதீனா புத்தகமும் கற்பிப்பது ஃபுஸ்ஹா, அதாவது எழுத்து அரபு. செய்தியும் கடிதமும் ஒப்பந்தப் பத்திரமும் அதில்தான் இருக்கும். வார்டில் வந்து படுக்கிற பாட்டியம்மா அதைப் பேச மாட்டார். சவூதிக்குள்ளேயே நஜ்து வழக்கு வேறு, ஹிஜாஸ் வழக்கு வேறு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஃபுஸ்ஹாவை மட்டும் கொடுத்து அனுப்பினால் இன்டர்வியூவில் மதிப்பெண் கிடைக்கும், கட்டிலருகே திகைப்புதான். ஆனால் வழக்குப் பேச்சை மட்டும் தனியாகப் படிப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது மறுபடி நோட்டுப் புத்தகத்தில் கொண்டுபோய் விடும். ஃபுஸ்ஹாவில் வினையின் எலும்புக்கூடு பிடிபட்ட ஒருவருக்கு, எந்த வழக்கில் வால் எப்படி மாறுகிறது என்பது சில வாரப் பழக்கம். தன் சம்பள ஒப்பந்தத்தைத் தானே எழுத்துக்கூட்டியாவது படிக்கிற தைரியம் அதோடு சேர்ந்து வரும். எங்களில் எத்தனை பேர் புரியாத தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பது கல்ஃபிலிருந்து திரும்பிய எந்த வீட்டிலும் கேட்டுப்பார்க்கலாம்.

ஊர் வாயனசாலை, அதாவது நூலகத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறையைத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்களுக்கும், டிரைவர் வேலைக்குப் போகிற பையன்களுக்கும் அடிப்படை அரபு சொல்லிக்கொடுக்கப் போகிறேன். எழுத்துகளை முதலில் முடித்துவிடுவேன், மலையாள எழுத்திலோ தமிழ் எழுத்திலோ யாரையும் எழுத விடமாட்டேன். அடுத்து மதீனா புத்தகத்தின் முதல் நான்கு பாடங்கள். இறந்தகாலம் வந்ததும், எப்போது ஆரம்பித்தது, பிறகு என்ன ஆனது என்ற கேள்விகளையும் அவற்றுக்கு வரக்கூடிய பதில்களையும் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும். ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ். டிரைவர் பையன்களுக்கு இதே இடத்தில் எங்கே போனாய், யார் அனுப்பினார், எத்தனை மணிக்குத் திரும்பினாய். அதற்குப் பிறகு ஒரு வேலை ஒப்பந்தத்தை எடுத்துவைத்து வரி வரியாகப் படிப்போம்.

பேர் கொடுக்க வந்த பெண் ஒருத்தி, நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். "சேச்சி, விசா வந்ததும் வந்து சேர்ந்துக்கிறேன், அப்போது கொஞ்ச நாள் இருக்கும்ல" என்றாள். விசா வந்த பிறகு மெடிக்கலும் டிக்கெட்டும் பெட்டி கட்டுவதும்தான் இருக்கும், படிக்க நேரம் இருக்காது, வருகிற ஞாயிற்றுக்கிழமையே வா என்று சொல்லியிருக்கிறேன்.